முடுக்கு ஆச்சியின் தகரம்

பங்குனி உத்திரத்துக்கு அண்ணன் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தான். சாஸ்தா கோயிலில் பொங்கலிட்டு, வெயிலில் வெந்து, சாயங்காலம் வீடு திரும்பி, ராத்திரி எல்லோரும் பட்டாசாலையில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். அண்ணன் மகள் பாளையங்கோட்டையில் விஸ்காம் படிக்கிறாள். ஏதோ கட்டுரை எழுத வேண்டியிருந்ததாம். லேப்டாப்பைத் தலையணைமேல் சாய்த்து வைத்து ‘தி விட்ச்’ படத்தைப் போட்டாள். ராபர்ட் எக்கர்ஸ் இயக்கி 2015-ல் வந்த படம். அண்ணன் பாதியிலேயே தூங்கிவிட்டான். நானும் அவளும் கடைசிவரை பார்த்தோம். அம்மா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

படம் முடிந்ததும் அண்ணன் மகள் கேட்டாள். “அத்தை, இதுல சூனியக்காரி நிஜமாவே இருக்காளா, இல்ல பயத்துல அவங்களுக்கு அப்படித் தெரியுதா?” ரெண்டும்தான் போல என்று ஏதோ சொன்னேன். அவள் விடவில்லை. “நம்ம ஊர்ல இந்த மாதிரி யாராவது இருந்தாங்களா?” நான் பதில் யோசிப்பதற்குள் சுவர்ப் பக்கத்திலிருந்து அம்மா குரல் வந்தது. “இருந்தாளே. முடுக்கு வீட்டுல.”

அவ்வளவுதான். பால்காரர் வந்துவிட்டுப் போனார் என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு அம்மா திரும்பவும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எனக்கு அதன் பிறகு தூக்கம் வரவில்லை. அந்த ‘இருந்தாளே’ எதைச் சொல்கிறது? சூனியக்காரி இருந்தாள் என்றா, அப்படிப் பெயர் வாங்கிய ஒருத்தி இருந்தாள் என்றா? மூன்று மாதமாக இதையே உருட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கதை நடப்பது 1630-களில், இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் குடியேறிய நியூ இங்கிலாந்தில். மதச் சண்டையில் ஊரைவிட்டு விலக்கப்பட்ட ஒரு குடும்பம் காட்டோரத்தில் குடிசை போட்டுப் பயிர் வைக்கிறது. சோளம் கருகிப் போகிறது. மூத்த பெண் தாமசின் விளையாட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கைக்குழந்தை காணாமல் போகிறது. அங்கிருந்து அந்த வீடு ஒவ்வொரு சுவராக விழுகிறது. இதில் என்னைப் பிடித்து வைத்தது பயமுறுத்தல் இல்லை. அந்த வீட்டின் கஷ்டம்தான். பகலில் கிடைத்த வெளிச்சத்திலும் ராத்திரியில் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் எடுத்திருக்கிறார்கள். பேசும் வசனத்தில் பெரும்பகுதி அந்தக் காலத்து நாட்குறிப்புகளிலிருந்தும் நீதிமன்றப் பதிவுகளிலிருந்தும் எடுத்தது என்று முடிவில் எழுத்துப் போடுகிறார்கள். கோடரி, ஆடு, கருகிய கதிர், அம்மாவின் வெள்ளிக் கோப்பை எல்லாம் கையால் தொட்ட பொருள்களாகத் தெரிகின்றன. அந்தக் கோப்பையை அப்பா ரகசியமாக விற்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார். கோப்பை காணோம் என்றதும் பழி தாமசின்மேல் விழுகிறது. சூனியக்காரி என்ற பழி விழுமுன்பே அவள்மேல் ஒரு கோப்பைக் கணக்கு ஏறிவிட்டது.

இன்னொரு இடம். தங்கச்சி தொணதொணவென்று படுத்துவதால், “காட்டுச் சூனியக்காரி நான்தான், குழந்தையைத் தூக்கிப் போனது நான்தான்” என்று தாமசின் அவளை மிரட்டுகிறாள். பொய்தான். சின்னப் பிள்ளையை அடக்கச் சொன்ன பொய். பின்னால் அந்த வார்த்தைதான் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருகிறது. அந்தக் காட்சி வந்தபோது நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். ஏன் என்று அண்ணன் மகளுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டிலும் அதே தகரம்

எங்கள் ஊர் முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவில். அந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வீட்டுக்கு வீடு பீடிதான். முதல்நாள் ராத்திரியே இலையில் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்பார்கள். விடிந்ததும் இலையின்மேல் ஒரு சின்னத் தகரத் துண்டை வைத்து, அதன் அளவுக்குக் கத்தரியால் வெட்டுவார்கள். பிறகு மடியில் சுளகு, சுளகில் தூள், ஒரு பக்கம் வெட்டிய இலை. சுருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்கி, 25 பீடி சேர்ந்தால் ஒரு கட்டு. சாயங்காலம் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்துக் கழிப்பார்கள். எண்ணிக்கை தப்பினால் கூலியில் பிடிப்பார்கள். அதனால் பீடி சுற்றுகிற பெண்கள் எல்லோரும் பேச்சு நின்ற நேரத்தில் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே இருப்பார்கள். என் அம்மாவும் எண்ணுவாள். நான் பிறந்ததிலிருந்து பார்த்த உதடு அது.

முடுக்கு ஆச்சியும் எண்ணுவாள். பெயர் வேண்டாம், நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். எங்கள் தெருவிலிருந்து கிழக்கே போகிற முடுக்கின், அந்தக் குறுகிய சந்தின், கடைசியில் தனியாக இருந்தாள். புருஷன் இல்லை. மகளைக் கோவில்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. கால் முடியாது என்பதால் அவள் பீடிக்கட்டை நான்தான் கடைக்குத் தூக்கிப் போவேன். திரும்பி வந்து பாஸ்புத்தகத்தைக் கொடுத்தால் ஒரு துண்டு கருப்பட்டி தருவாள். எனக்கு ஒன்பது வயது. 1985.

ஒருநாள் கருப்பட்டி தரவில்லை. அன்றைக்குக் கடையில் கட்டு கழிந்துபோயிருந்தது. நான் வழியில் போட்டு நசுக்கிவிட்டேன் என்று ஏசினாள். நசுக்கியது உண்மை. அந்தக் கோபத்தில் அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் சொன்னேன். “முடுக்கு ஆச்சி எப்பப் பாத்தாலும் வாய்க்குள்ளயே என்னமோ ஓதிக்கிட்டே இருக்கா. நான் போனா நிறுத்திருவா.” நான் போனால் அவள் நிறுத்துவது எண்ணிக்கையை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு என்னோடு பேசுவதற்காக. அது எனக்கு அன்றைக்கே தெரியும். இதைத்தான் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரியும்.

அந்த வாரம் எங்கள் எதிர்வீட்டு மைனியின் கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை. பத்து நாள், பன்னிரண்டு நாள். மைனி அதற்கு முன்னால் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். உடுக்கடித்து, வெற்றிலையில் மை தடவிப் பார்த்து, செய்வினை என்றார். கிழக்கே, ஒரு ஒத்தைப் பொம்பளை, வாயில் மந்திரம் நிற்காதவள் என்றார். அந்தக் கடைசி வார்த்தை அவருக்கு வெற்றிலையிலிருந்து வரவில்லை. அடிபம்பிலிருந்து மைனி வீட்டுக்குப் போய், அங்கிருந்து அவரிடம் போயிருக்கிறது.

பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஆம்பிளைகள் முன்னால் போனார்கள். பெண்கள் முடுக்கின் வாயில்வரை வந்து நின்றார்கள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆச்சி வாசலில் கையைக் கூப்பியும் கூப்பாமலும் நின்றாள். வாசற்படிக்குக் கீழே தோண்டினார்கள், ஒன்றும் இல்லை. அடுப்படியில் தோண்டினார்கள், இல்லை. அப்புறம் கோடாங்கி உள்ளே போய் மாடக்குழியில் கைவிட்டு ஒரு பொருளை எடுத்து வந்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சிவப்பு நூல் சுற்றிய ஒரு தகரம். “இந்தா பாருங்க, தகடு” என்றார்.

பீடி இலை வெட்டுகிற தகரம் அது. மிச்ச நூல் சிக்காமல் இருக்கத் தகரத்திலேயே சுற்றி வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அம்மாவின் தகரத்திலும் அதே சிவப்பு நூல் அப்படியே சுற்றியிருக்கும். கத்தரி பட்டுப் பட்டு ஓரமெல்லாம் கீறலாக இருக்கும். அந்தக் கீறலைக் கோடாங்கி விரலால் தடவித் தடவி எழுத்துக்கூட்டி வாசித்தார். மைனி பேரும் பிள்ளை பேரும் அதில் இருக்கிறது என்றார். முடுக்கில் நின்ற இருபது முப்பது பெண்களில் தகரம் இல்லாத வீட்டிலிருந்து வந்தவள் ஒருத்தி கிடையாது. யாரும் வாயைத் திறக்கவில்லை. என் அம்மா திறக்கவில்லை. நான் திறக்கவில்லை.

கோடாங்கி அதை ஒரு செம்பில் போட்டு மஞ்சள் துணியால் வாயைக் கட்டினார். ஆற்றில் விட வேண்டும் என்று சொல்லி எல்லோரும் கிளம்பினார்கள். அப்போதுதான் ஆச்சி முதல்முறையாகப் பேசினாள். அழவில்லை, சத்தியம் செய்யவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.

“எய்யா, அத வச்சிட்டுப் போங்கய்யா. நாளைக்கு இலை வெட்டணும்.”

நாற்பது வருஷமாக எத்தனையோ பேய்ப்படம் பார்த்துவிட்டேன். எதிலும் இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை.

மறுநாள் அவளுக்குக் கடையில் இலை போடவில்லை. அதற்கு மறுநாளும் போடவில்லை. ஆடி பிறப்பதற்குள் மகள் வந்து கூட்டிப் போய்விட்டாள். மைனியின் பிள்ளையைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டைபாய்டு என்று சொல்லி மருந்து கொடுத்து, பிழைத்துக்கொண்டது. பெயர் கோடாங்கிக்குப் போனது.

பேய்க்குக் கதை உண்டு

நம் படங்களில் ஒரு வழக்கம் உண்டு, எல்லோருக்கும் தெரியும். இடைவேளைவரை பேய் பயமுறுத்தும். அப்புறம் பிளாஷ்பேக் வரும். அந்தப் பெண்ணை யார் ஏமாற்றினார்கள், எப்படிக் கொன்றார்கள் என்று காட்டுவார்கள். கடைசியில் பேய் பழிவாங்கும்போது தியேட்டர் கைதட்டும். இது சினிமா கண்டுபிடித்தது இல்லை. எங்கள் பக்கத்துக் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்கு இந்த வரிசை பழகியது. இசக்கியம்மன் கோயில் கொடை என்றால், புலவர் வில்லை வைத்து, குடமும் உடுக்கும் கூடி, காப்புப் பாடி, நாட்டு வளம் பாடி, அதன் பிறகுதான் கதைக்குள் வருவார். நகைக்கு ஆசைப்பட்டவன் தன் மடியில் தூங்குகிறவளின் தலையை மெல்ல எடுத்து மணலைக் கூட்டி அதன்மேல் வைத்துவிட்டுக் கல்லைத் தூக்கிப் போடுகிறான். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடிதான் சாட்சி. மறுபிறவியில் அவள் கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் தேடி வருகிறாள். முப்பந்தலில் கும்பிடுவது அவளைத்தான். வாயில் ஒரு பிள்ளையைக் கடித்துக்கொண்டு, கையில் ஒரு பிள்ளையோடு இருக்கிற இசக்கி சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிலைக்கு முன்னால்தான் பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டுகிறார்கள். பிள்ளையைத் தின்கிறவளும் பிள்ளை கொடுக்கிறவளும் ஒருத்தியே என்று ஏற்றுக்கொள்வதற்கு அவள் கதையை விடிய விடிய உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1849-ல் ஒரு சிறு நூலில் எங்கள் பக்கத்துச் சாமியாட்டத்தை எழுதி, பேய் வழிபாடு என்று பெயர் வைத்தார். ஆட்டத்தை அவர் நுணுக்கமாகவே பார்த்திருக்கிறார். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் பாடுகிற கதையை எடுத்துவிட்டால் யார் பார்த்தாலும் மிஞ்சுவது பேய் மட்டும்தான்.

இவ்வளவு தெரிந்த ஊர் நாங்கள். அநியாயமாகச் செத்தவளுக்குப் பீடம் போட்டுக் கதை பாடத் தெரிந்தவர்கள். ஆனால் செத்தால்தான். உயிரோடு முடுக்கில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவளுக்குக் கதை கிடையாது. சினிமாவும் அப்படியேதான் எடுத்துக்கொண்டது. பேய்க்குப் பிளாஷ்பேக் உண்டு. சூனியக்காரிக்குக் கிடையாது. அவள் மண்டையோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், கண்ணை உருட்டுவாள், எலுமிச்சம்பழத்தை அறுப்பாள். சாயங்காலம் என்ன சாப்பிட்டாள், வாடகை யார் கொடுத்தார், பிள்ளை எங்கே இருக்கிறது என்று எந்தப் படமும் கேட்டதில்லை. அப்படி ஒருத்தியை நாம் நேரில் பார்த்ததும் இல்லை என்பதால், கல்லெறிந்தவர்கள் நாம் இல்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கு இந்த நிம்மதிதான் பிடிக்கவில்லை.

சேலத்தைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது அந்த ராத்திரிக்குப் பிறகுதான். நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸில் உள்ள சேலம். 1692-ல் அங்கே சூனியம் செய்ததாக 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். 14 பேர் பெண்கள், 5 பேர் ஆண்கள். யாரையும் எரிக்கவில்லை. படங்களில் பார்த்துப் பார்த்து எல்லோரையும் எரித்தார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் தூக்கிலேறிய பிரிட்ஜெட் பிஷப்புக்கு எதிரான சாட்சிகளில் ஒன்று, அவள் முன்பு குடியிருந்த வீட்டின் சுவரை இடித்தபோது ஊசி குத்திய துணிப் பொம்மைகள் கிடைத்தன என்று வேலையாட்கள் சொன்னது. மாடக்குழியும் தகரமும் எனக்கு அங்கேயே கண்முன் வந்துவிட்டன. ரெபெக்கா நர்ஸுக்கு 71 வயது. ஜூரிகள் முதலில் குற்றமில்லை என்றுதான் சொன்னார்கள். திரும்ப ஒரு கேள்வி கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை வைத்துத் தீர்ப்பை மாற்றிவிட்டார்கள். காது மந்தம், துக்கத்தில் கேள்வி விழவில்லை என்று பிறகு அவர் எழுதிக் கொடுத்தும் பயன் இல்லை.

ரெபெக்காவின் தங்கை மேரி ஈஸ்டி. அந்த வருஷம் செப்டம்பர் 22-ல் அவரையும் தூக்கிலிட்டார்கள். சாவதற்கு முன்னால் நீதிபதிகளுக்கு ஒரு மனு எழுதினார். என் உயிருக்காகக் கேட்கவில்லை, நான் சாக வேண்டும் என்று தெரியும், இனி ஒரு குற்றமற்ற ரத்தம் சிந்தக் கூடாது என்று கேட்கிற மனு. இந்த மேரி ஈஸ்டியைத்தான் 2013-ல் வந்து உலகமெல்லாம் ஓடிய ‘தி கான்ஜுரிங்’ படத்தில் இழுத்திருக்கிறார்கள். அந்த வீட்டைப் பிடித்து ஆட்டுகிற கெட்ட ஆவி, பெற்ற பிள்ளையைச் சாத்தானுக்குப் பலிகொடுத்தவள், மேரி ஈஸ்டிக்குச் சொந்தக்காரி என்று ஒரு வசனம். அந்தப் படத்தை நான் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில் பார்த்துக் காதைப் பொத்தியிருக்கிறேன். நன்றாக எடுத்த படம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வசனத்தை இப்போது நினைத்தால் உடம்பு கொதிக்கிறது. பொய்ச் சாட்சியால் செத்த ஒருத்தியை, நாலு பேரைப் பயமுறுத்த வேண்டும் என்பதற்காக, முந்நூறு வருஷம் கழித்துத் திரும்பவும் சூனியக்காரி வம்சம் ஆக்கியிருக்கிறார்கள். அது படம்தானே என்று சொல்லலாம். கோடாங்கி வாசித்ததும் கீறல்தானே.

இந்தக் கோபத்தோடு ‘தி விட்ச்’ படத்துக்குத் திரும்பிப் போனேன். அதிலும் காட்டில் நிஜமாகவே சூனியக்காரி இருக்கிறாள். குழந்தையைக் கொன்று அரைத்து உடம்பில் பூசிக்கொள்கிறாள். இவ்வளவு சிரமப்பட்டு உண்மையான குடிசையைக் கட்டி, உண்மையான மொழியைத் தேடி எடுத்து, அதற்குள் ஒரு நிஜச் சூனியக்காரியைக் கொண்டுவந்து வைத்தால், தூக்கில் போட்டவர்கள் சொன்னது சரிதான் என்று ஆகாதா? அந்தப் படம் நடக்கிற காலத்தில் அந்த மண்ணில் சூனியத்துக்காக ஒருவரையும் தூக்கிலிடவில்லை. முதல் தூக்கு 1647-ல், கனெக்டிகட்டில், ஆலிஸ் யங் என்ற பெண்ணுக்கு. பயம் மட்டும் கப்பலில் வந்து இறங்கிவிட்டது, கயிறு பின்னால் வந்தது.

இரண்டாம் தடவை தனியாகப் பார்த்தேன். கைக்குழந்தை போய், இரட்டைப் பிள்ளைகள் தாமசினைக் காட்டிக்கொடுத்து, தம்பியும் செத்து, அப்பா அவளைப் பிடித்து உலுக்குகிற இடம் வந்தது. அவள் இல்லை என்று கத்துகிறாள். இவள் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். இருந்தும் ஒரு கணம் அவள் முகத்தை உற்றுப் பார்த்து, ஒருவேளை இவளாகவும் இருக்குமோ என்று நினைத்தேன். படத்தை நிறுத்திவிட்டேன். அடுப்படிக்குப் போய் நின்றேன். முடுக்கு வாயில் நின்ற ஒன்பது வயதுப் பிள்ளை திரும்ப வந்து என் உடம்பில் ஏறிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்தக் காலத்து ஆட்களுக்குச் சூனியக்காரி என்பவள் நமக்குச் சுடலைமாடன் மாதிரி, பேச்சி மாதிரி. நம்பிக்கை என்று தனியாக ஒன்று இல்லை, இருக்கிறவள். அவள் இல்லை என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டால் நான் மேலே உட்கார்ந்து, பாவம், மூடர்கள் என்று பார்த்துவிட்டுப் போயிருப்பேன். இருக்கிறாள் என்று சொன்னதால்தான் என் கையிலும் ஒரு கல் இருப்பது தெரிந்தது. அந்த வகையில் எக்கர்ஸ் செய்தது சரி என்றுதான் இப்போது நினைக்கிறேன். முழுக்கச் சரி என்று சொல்ல இன்னும் மனசு வரவில்லை. ஏனென்றால் அந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்குத் தூக்கில் தொங்கிய 19 பேரும் உண்மையில் யார் என்று தெரியாது.

மறுபக்கத்திலிருந்து பயத்தைக் காட்டிய படம் ஒன்று உண்டு. டென்மார்க்கில் டிரையர் 1943-ல் எடுத்த ‘டே ஆஃப் ராத்’. நாட்டை ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நேரம். அதைப் பேய்ப்படம் என்று யாரும் சொல்வதில்லை. தொடக்கத்தில் ஒரு கிழவி வந்த பெண்ணுக்கு மூலிகைத் தண்ணீர் கலந்து கொடுத்துக்கொண்டிருக்கிறாள். வெளியே ஆள்கூட்டத்தின் சத்தம் கேட்கிறது. தன்னைத்தான் தேடி வருகிறார்கள் என்று அவளுக்குப் புரிகிற அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்து சூனியத்தைப் பற்றி எடுத்ததிலேயே அதிகம் பயமான காட்சி. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் முடுக்குக்குள் திரும்பியபோது ஆச்சி உள்ளே இலைதான் நனைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

ஆன் புட்னம்

சேலத்தில் குற்றம் சாட்டிய பிள்ளைகளில் முக்கியமானவள் ஆன் புட்னம். அப்போது அவளுக்கு 12 வயது. பதினான்கு வருஷம் கழித்து, 1706-ல், தேவாலயத்தில் ஊர்முன் எழுந்து நின்றாள். அவள் எழுதிக் கொடுத்த மன்னிப்பைப் போதகர் வாசித்தார். குற்றமற்றவர்கள் சாக நான் ஒரு கருவியாக இருந்துவிட்டேன், மண்ணில் விழுந்து கிடக்க விரும்புகிறேன் என்று அதில் இருக்கிறது. சாத்தானின் மயக்கம் என்றும் சொல்லிக்கொள்கிறாள். ரெபெக்கா நர்ஸ் பெயரைச் சொல்லிக் கேட்கிறாள். அந்தக் குடும்பத்தார் அங்கே இருந்த சபை அது.

எந்தப் படமாவது அங்கே தொடங்கினால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவளை நல்லவளாக்குவதற்காக இல்லை. பிறர் வாசிக்க, தான் நின்றுகொண்டு கேட்க வேண்டியிருந்த அந்த நிமிஷத்துக்காக. இது பழைய கதை என்றும் சொல்ல முடியாது. பெண்களைச் சூனியக்காரி என்று பழி சுமத்துவதைத் தடுக்க ஜார்க்கண்டில் 2001-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள், பீகாரில் 1999-ல். ஊர் அடித்து விரட்டிய சுட்னி மஹத்தோ, அதே மாதிரி விரட்டப்பட்ட பெண்களைக் காப்பாற்றப் பிறகு வேலை செய்து, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். உயிரோடு இருக்கும்போதே தன் கதையைச் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. முடுக்கு ஆச்சிக்கு அது கிடைக்கவில்லை. கோவில்பட்டிக்குப் போன மூன்றாம் வருஷம் இறந்துபோனதாகச் சொன்னார்கள். எங்கள் ஊரிலிருந்து யாரும் துட்டிக்குப் போகவில்லை.

போன வாரம் அண்ணன் மகள் மறுபடி வந்தாள். கட்டுரை எழுதி முடித்துவிட்டாளாம். இப்போது பத்து நிமிஷக் குறும்படம் எடுக்கப் போகிறாள், முடுக்கு ஆச்சி கதையைத்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அடிபம்பில் சொன்னதையும் சேர்த்து. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாகக் கேட்காததை அப்போது கேட்டேன். “அவ சூனியக்காரின்னு நீ நம்புனியாம்மா?”

அம்மா கையை நிறுத்தவில்லை. “நம்புனனா இல்லியான்னு அப்ப யாருட்டி கேட்டா. அடுத்தது யாருன்னுதான் பயம்.” கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு மாசம் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் பீடி சுத்துனேன். வாயையும் அசைக்கல. எண்ணிக்கை தப்பித் தப்பிப் போச்சு” என்றாள்.

பிறகு அவளே எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பழைய பட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும் அடியில், மஞ்சள் பையில் சுற்றி, அவள் தகரம் இருந்தது. அதில் சிவப்பு நூல் நிறம் வெளுத்து இன்னும் சுற்றியிருந்தது. அண்ணன் மகள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்துக் கீறல்கள் ஏதோ எழுத்து மாதிரிதான் இருந்தன. செய்து காட்டச் சொன்னாள். பீடி இலைக்கு எங்கே போவது, கொல்லையிலிருந்து பூவரச இலையைப் பறித்து வந்தோம். அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்து சுளகை மடியில் வைத்தாள். இலைமேல் தகரத்தை வைத்து நாலு பக்கமும் கத்தரியை ஓட்டினாள். கை மறக்கவில்லை. தூள் இல்லாமலே சுருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கிச் சுளகில் போட்டாள். இன்னொன்று, இன்னொன்று. நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டாள். அண்ணன் மகள் போனை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

“ஆச்சி என்னமோ சொல்லுதாவ, அத்தை. என்ன சொல்லுதாவ?”

“எண்ணுதா” என்றேன்.